எடை குறைக்கும் ஊசி: எத்தனை கிலோ என்பதற்கு முன் எத்தனை காலம்?

எடை குறைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கிற யாரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ குறையும்?" என்பதைத்தான். அடுத்தது, "பக்க விளைவு என்ன?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் ஆய்வு முடிவுகளைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் பட்டது: நிறுத்தினால் என்ன ஆகும்? அதற்கான பதில் தெரிந்த பிறகு, யாருக்கு இது லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கணக்கே மாறிவிடுகிறது.

மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஐந்தாறு கிலோ கூடுதல், வேறு நோய் எதுவும் இல்லை, நாலு மாதத்தில் ஒரு விசேஷம் வருகிறது. இன்னொருவருக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணிக்கும் எண், 32, ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்றாமவருக்கு ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது, உடல் பருமனும் இருக்கிறது. மருந்து ஒன்றுதான். முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

எவ்வளவு குறைகிறது

இன்று பேசப்படும் ஊசிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று செமாக்ளூடைட். சர்க்கரை நோய்க்கு ஒசெம்பிக் என்றும், எடைக்கு வெகோவி என்றும் விற்கப்படுகிறது. இன்னொன்று டிர்செபடைட். இதன் பெயர்கள் மவுன்ஜாரோ, ஸெப்பவுண்ட். இரண்டையும் வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன. இயற்கையான ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடம்கூடத் தங்காது. செமாக்ளூடைட் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி சீக்கிரம் போய்ச் சேருகிறது. டிர்செபடைட் இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

செமாக்ளூடைட்டை 1,961 பேரிடம் 68 வாரம் சோதித்த ஸ்டெப்-1 ஆய்வில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைட்டின் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். பிறகு இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் டிர்செபடைட்டுக்கு 20.2, செமாக்ளூடைட்டுக்கு 13.7 சதவீதம். கிலோ கணக்கு மட்டும் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

இவற்றுக்கு முன்னால் வந்த லிராக்ளூடைட்டைத் தினமும் குத்திக்கொள்ள வேண்டும், குறைவது சுமார் 8 சதவீதம். மாத்திரைகளில் ஆர்லிஸ்டாட் 1999 முதல் இருக்கிறது. சாப்பிட்ட கொழுப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். உறிஞ்சப்படாத கொழுப்பு எங்காவது போயாக வேண்டுமே! எண்ணெய் கலந்த மலமும், கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரமும்தான் பலர் இதை விட்டுவிடக் காரணம். வெற்று மாத்திரையைவிட மூன்று கிலோ போலக் கூடுதலாகக் குறையும், அவ்வளவுதான். ஃபென்டெர்மின் 1959-லிருந்து இருக்கும் பசியடக்கி. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது, தூக்கத்தைக் கெடுக்கும். சில வாரங்களுக்கு மட்டுமே என்று அனுமதிக்கப்பட்டது. அதோடு டோபிரமேட் சேர்ந்த கூட்டு மாத்திரை கருவில் உதட்டுப் பிளவை உண்டாக்கலாம். நால்ட்ரெக்ஸோன், புப்ரோப்பியான் கூட்டு வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இவை உதவலாம். மற்றபடி, இவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நிறுத்தினால்

ஸ்டெப்-1 ஆய்வு முடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, ஒரு பிரிவினரை மட்டும் மேலும் ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 17.3 சதவீதம் குறைத்திருந்த அவர்கள், ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். கையில் மிஞ்சியது 5.6 சதவீதம். ரத்த அழுத்தம் முதலியவற்றில் கிடைத்த முன்னேற்றமும் பெரும்பாலும் பழைய இடத்தை நோக்கித் திரும்பியது. டிர்செபடைட்டிலும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைத்தவர்களில் ஒரு பாதியினரை அவர்களுக்கே தெரியாமல் வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அவர்களுடைய எடை 14 சதவீதம் ஏறியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கோ மேலும் 5.5 சதவீதம் குறைந்தது.

இதை மன உறுதி இல்லாமை என்று சொல்வது அபத்தம். எடை குறைந்தால் உடல் அதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது, பசி கூடுகிறது, உடல் செலவிடும் சக்தி சுருங்குகிறது. மருந்து இந்தச் சண்டையில் உங்கள் பக்கம் நின்றது. அது போனதும் எதிரணி அப்படியே இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், அதற்காக மாத்திரை தோற்றது என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அதே மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம்: மூன்று மாதம் மட்டும் போடலாம் என்று நினைத்துக்கொண்டு ரத்த அழுத்த மாத்திரையை யாரும் தொடங்குவதில்லை. ஊசியை அப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள்.

ஆகவே, விசேஷத்துக்காகக் குறைக்க நினைக்கும் நம் முதல் ஆளுக்குக் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பிஎம்ஐ 30-க்கு மேல் உள்ளவர்கள், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே எடையோடு தொடர்புடைய ஒரு நோயும் உள்ளவர்கள். பொதுவான அனுமதியும் அதே அளவுகோலில்தான். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே ஆபத்து தொடங்குகிறது என்பதால் 23, 27.5 என்ற எல்லைகளை உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-லேயே முன்வைத்தது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் உடல்வாகு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிப் பார்த்தும் நோயில்லாத, ஐந்தாறு கிலோ மட்டும் கூடிய ஒருவருக்கு, தராசின் ஒரு தட்டில் வைக்க ஒன்றுமே இல்லை. மறு தட்டில் இருப்பவை எல்லோருக்கும் உள்ள அதே ஆபத்துகள். ஊசி முழு அளவுக்கு ஏறவே நாலு மாதம் ஆகும் என்பதால் விசேஷத்துக்குக்கூட அது நேரத்தோடு வந்து சேராது.

பக்க விளைவுகள்: அடிக்கடி வருபவை, அரிதாக வருபவை

ஸ்டெப்-1-ல் 100-க்கு 44 பேருக்குக் குமட்டல், 25 பேருக்கு வாந்தி, 32 பேருக்கு வயிற்றுப்போக்கு, 23 பேருக்கு மலச்சிக்கல். எண்கள் பெரிதாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் இவை மிதமானவை, அளவைக் கூட்டும் வாரங்களில் வந்து பிறகு அடங்குபவை. இவற்றை விட அதிகம் சொல்லும் எண் வேறு: பக்க விளைவு தாங்காமல் விட்டவர்கள் 7 சதவீதம், வெற்று ஊசியில் 3.1 சதவீதம். வயதானவர்கள் அதிகம் இருந்த ஓர் இதய ஆய்வில், மருந்தை இப்படி விட்டவர்கள் 16.6 சதவீதம். அதாவது ஆறில் ஒருவர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீடித்து உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், அதை மட்டும் 'தானாகச் சரியாகும்' என்று விட்டுவிடக் கூடாது.

பித்தப்பைக் கல் அடுத்தது. வேகமாக எடை குறைந்தால் எந்த வழியில் குறைந்தாலும் இது வரக்கூடும். ஸ்டெப்-1-ல் பித்தப்பைக் கோளாறு 2.6 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 1.2. கணைய அழற்சி அரிது, ஆனால் வந்தால் விளையாட்டில்லை. முதுகுவரை பரவும் கடுமையான வயிற்று வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. பார்வை நரம்புக்கு ரத்தம் தடைப்பட்டுத் திடீரெனப் பார்வை மங்கும் ஒரு கோளாறை, செமாக்ளூடைட்டின் மிக அரிதான பக்க விளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 10,000 பேரில் ஒருவர் வரை என்பது அவர்கள் கணிப்பு. எலிகளில் தைராய்டின் ஒரு வகைக் கட்டி வந்ததால், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் இந்த ஊசிகளைத் தொடவே கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது இந்தப் பட்டியலில் வழக்கமாகக் கடைசியில் வரும் ஒன்றைப் பற்றி: தசை. எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. ஸ்டெப்-1-ல் ஒரு சிறு பிரிவினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இழந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை. டிர்செபடைட் ஆய்வில் அது கால் பங்கு. கொழுப்பல்லாதது எல்லாமே தசை இல்லை, நீரும் அதில் அடக்கம். மிச்சமுள்ள உடலில் கொழுப்பின் விகிதம் குறைந்துதான் இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அறுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது அந்தத் தசையால்தான். ஊசியை நிறுத்தித் திரும்பவும் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பாகவே வந்தால், ஏறி இறங்கிய பிறகு தராசு அதே எண்ணைக் காட்டும்போது உடல் முன்பைவிட மோசமான கலவையில் இருக்கும். தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்கி நிறுத்துவது எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, ஒவ்வொரு வேளையும் போதுமான புரதம் இரண்டையும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதியாகவே நினைக்க வேண்டும். பசியே இல்லாதபோது புரதம் சாப்பிடுவது, சொல்வதுபோல் எளிதல்ல.

இதயத்துக்கு என்ன கிடைக்கிறது

மூன்றாமவர் விஷயத்துக்கு வருவோம். செலக்ட் என்ற ஆய்வு 2023-ல் வெளியானது. 17,604 பேர், எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், பிஎம்ஐ 27-க்கு மேல், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கால் ரத்தக் குழாய் அடைப்போ உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஆபத்து 20 சதவீதம் குறைந்தது.

20 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டதும் ஐந்தில் ஒருவர் காப்பாற்றப்பட்டார் என்று தோன்றும். அப்படி இல்லை. வெற்று ஊசிப் பிரிவில் 100-க்கு 8 பேருக்கு இந்தப் பாதிப்பு வந்தது, மருந்துப் பிரிவில் 6.5 பேருக்கு. மூன்று வருடத்துக்குச் சற்று மேல், 100 பேர் ஊசி போட்டால் ஒன்றரைப் பேர் தப்புகிறார்கள். இது சிறிய பலனா? மாரடைப்பு ஒருமுறை வந்தவருக்கு இது சிறிது அல்ல, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது இது. ஆனால் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத முப்பது வயதுக்காரர் இந்த எண்ணைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அவருடைய ஆபத்தே 100-க்கு 8 அல்ல. விளம்பரங்கள் சதவீதத்தைச் சொல்லும், எதில் சதவீதம் என்பதைச் சொல்லாது.

மூன்றாமவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் செமாக்ளூடைட். கிலோவில் டிர்செபடைட் முந்தினாலும், இவருடைய நிலையில் உள்ளவர்களிடம் இதயப் பலனை நேரடியாகக் காட்டிய ஆய்வு செமாக்ளூடைட்டுடையது. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்தான் முக்கியத் தொல்லை என்றால் கதை வேறு. அதற்காகவே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து டிர்செபடைட்.

மருந்தில்லாத இரண்டு வழிகள்

பருமன் மிக அதிகமாக, அதாவது பிஎம்ஐ 40-ஐத் தாண்டி இருப்பவர்களிடம் ஊசியைப் பற்றி மட்டும் பேசி அறுவை சிகிச்சையைச் சொல்லாமல் விடுவது தவறு என்று நினைக்கிறேன். 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் 25 சதவீத எடை குறைந்தே இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணமும் குறைவு. எந்த ஊசிக்கும் இவ்வளவு நீண்ட காலச் சான்று இல்லை, ஏனென்றால் வெகோவி அனுமதி பெற்றதே 2021-ல். மயக்க மருந்து, கத்தி, கசிவு என்று ஆபத்துகள் முதல் சில வாரங்களில் குவிந்து வருகின்றன. ஊசியில் அவை வருடக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பி12, இரும்புச் சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். ஒருமுறை செய்தால் தலைமுழுகிவிடலாம் என்பதல்ல.

இன்னொரு பக்கம், உணவும் நடையும். இதை இப்போது கேலியாகப் பார்ப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், 7 சதவீத எடை குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். கண்ணாடியில் பெரிதாகத் தெரியாத அந்த ஐந்தாறு கிலோவே உள்ளே இவ்வளவு செய்கிறது. அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சியாளரின் வழிகாட்டல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் போகிற போக்கில் "கொஞ்சம் நடங்க" என்று சொல்வதும் அதுவும் ஒன்றல்ல.

கொஞ்சம் பழைய கதை

எடை குறைக்கும் மருந்துகளின் வரலாறு ஒழுங்கானதல்ல. 1930-களில் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளை விற்றார்கள். எடை குறைந்தது, கண்புரை வந்தது, சிலர் உடல் சூடேறி இறந்தார்கள். ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுத்ததால் 1997-ல் திரும்பப் பெறப்பட்டது. மனச்சோர்வுக்காக ரிமோனபான்ட் 2008-ல், மாரடைப்பு, பக்கவாதத்துக்காக சிபுட்ரமின் 2010-ல், புற்றுநோய் சந்தேகத்துக்காக லோர்காசெரின் 2020-ல் போயின. இவை எல்லாவற்றிலும் எடை குறையத்தான் செய்தது. கெடுதல்தான் தாமதமாகத் தெரிந்தது.

ஜிஎல்பி-1 வகையை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வகையின் முதல் மருந்தான எக்செனடைட் 2005-ல் சர்க்கரை நோய்க்கு வந்தது. ஒரு விஷப் பல்லியின் எச்சிலில் கண்ட பொருளிலிருந்து பிறந்தது அது! இருபது வருடப் பழக்கமும், இதயத்துக்கு நல்லது என்று காட்டிய பெரிய ஆய்வுகளும் பழைய மருந்துகள் எதற்கும் இருந்ததில்லை. ஆனால் எடைக்கான உயர்ந்த அளவை இளம் வயதில் தொடங்கி இருபது வருடம் போட்டவர் என்று ஒருவரும் இன்னும் உலகத்தில் இல்லை. வயது குறையக் குறைய இந்தக் காரணத்தின் எடை கூடுகிறது.

மதில்மேல் பூனையாக இருப்பவர்

கடினமான முடிவு இரண்டாமவருடையது. பிஎம்ஐ 32, எல்லைக்கோட்டுச் சர்க்கரை, ஏறத் தொடங்கிய ரத்த அழுத்தம். அவருக்கு மருந்து தகுதியானதுதான், அவசரமானதல்ல. முறையான வழிகாட்டலோடு ஆறு மாதம் உணவையும் பயிற்சியையும் முயன்றுவிட்டார், ஐந்து சதவீதம்கூட நகரவில்லை என்றால் ஊசியைத் தொடங்குவதில் தப்பில்லை. அப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை என்றால் முதலில் அது. ஏனென்றால் அதில் கிடைக்கும் பழக்கம், பின்னால் ஊசி போட்டாலும் தசையைக் காக்கத் தேவைப்படும்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு, சர்க்கரை தாழ்ந்துவிடாமல் அவற்றின் அளவைக் குறைக்க வேண்டிவரும். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் செமாக்ளூடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம் என்பதால், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பு வேண்டும். இது பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. ஏதாவது அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு இந்த ஊசி விவரம் கட்டாயம் தெரிய வேண்டும், வயிறு மெதுவாகக் காலியாகும் என்பதால். அப்புறம், சீட்டு இல்லாமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். போலி செமாக்ளூடைட் புழங்குவதாக 2024 ஜூனில் உலக சுகாதார அமைப்பே எச்சரித்தது.

செமாக்ளூடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை கூடி, 2.4-க்குப் போகும். எல்லோரும் உச்சிக்குப் போக வேண்டியதில்லை, நடுவிலேயே பலன் தெரிந்தால் அங்கேயே நிற்கலாம். முதல் ஊசிக்கு முன்பே இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஆறாம் மாதம்: எடை 5 சதவீதமாவது குறைந்ததா, சர்க்கரையும் அழுத்தமும் இறங்கினவா? இல்லையென்றால் இந்த மருந்து இவருக்கு இல்லை, நிறுத்திவிடலாம். இரண்டாம் வருட முடிவு: இதே செலவை, இதே வாராந்திர ஊசியை இன்னும் ஐந்து வருடத்துக்குத் தாங்க முடியுமா? முடியும் என்றால் தொடரலாம். முடியாது என்று இன்றைக்கே தெரிந்தால், ஊசியைத் தொடங்காமல் அந்தப் பணத்தை ஒரு நல்ல உணவு ஆலோசகருக்கும் பயிற்சியாளருக்கும் கொடுப்பதே அவருக்கு மேல் என்பேன்.